டைனமோ போன பின்னும் போகாத பழக்கம்



பழைய கார் வைத்திருப்பவர்கள் பலமுறை பார்த்த காட்சிதான். பேட்டரி அடிக்கடி இறங்குகிறது. காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு, ஓடும்போதே பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றுகிறார். என்ஜின் நிற்கவில்லை என்றால், "சார்ஜிங் நல்லா இருக்கு சார், பேட்டரிதான் போச்சு" என்கிறார். நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று தீர்ப்பு.

இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அடுத்தமுறை உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடமாட்டீர்கள்.

தொடக்ககாலக் கார்கள் பலவற்றுக்கு பேட்டரியே தேவைப்படவில்லை. முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் வண்டி கிளம்பும். தீப்பொறியை மேக்னட்டோ தரும். வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்கு. ஆனால் ஹேண்டில் திருப்பி அடித்தால் கை எலும்பு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் இதற்கு வழி கண்டார். 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார் அவருடைய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டருடன் வந்தது. செல்ஃப் வந்ததும் பெரிய பேட்டரி வந்தது. பேட்டரி வந்ததும், செலவழிந்த மின்சாரத்தை ஓட்டத்திலேயே திருப்பி நிரப்ப வேண்டிய கட்டாயமும் வந்தது. அந்த வேலையை அரை நூற்றாண்டு செய்தது டைனமோ.

டைனமோவில் சுழலும் ஆர்மேச்சரில்தான் மின்சாரம் பிறக்கிறது. பிறந்த மின்சாரம் முழுவதும் கார்பன் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஆகவே அதிகம் எடுக்க முடியாது. சாதாரணக் கார்களில் 20 முதல் 25 ஆம்பியர் அளவுதான். என்ஜின் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே வராது. அந்த நேரத்தில் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தடுக்க 'கட்-அவுட்' என்ற சிறு ரிலே இருந்தது. சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்குவதும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிரகாசமாவதும் அந்தக் காலத்து ஓட்டுநர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

நம் நாட்டில் அம்பாசிடரின் தொடக்ககால வண்டிகள் டைனமோவுடன்தான் ஓடின. 1961இல் சென்னையில் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, வாகன மின்சாதனங்கள் பாடியிலேயே தயாராயின. பட்டறைகளில் மல்டிமீட்டர் அரிதாக இருந்த காலம். சற்று வேகமாக ஓடும் பெட்ரோல் என்ஜினில் டெர்மினலைக் கழற்றினால், டைனமோ வேலை செய்கிறதா இல்லையா என்று ஓரளவு தெரிந்துவிடும். அது அப்போதும் நல்ல பழக்கமல்ல. ஆனால் வண்டியில் எலெக்ட்ரானிக் பாகம் எதுவும் இல்லை. போனால் ஒரு பல்பு போகும். குரு செய்தார், சிஷ்யன் பார்த்தான். அப்படியே அது தொடர்ந்தது.

இதற்கிடையில் இயந்திரம் மாறிவிட்டது. 1950களின் இறுதியில் சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. 1960இல் கிரைஸ்லரின் வேலியண்ட் கார் ஆல்டர்னேட்டருடன் வந்தது. அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தயாரித்த அதே பிரிட்டிஷ் குழுமத்தின் எம்.ஜி.பி. கார், 1967 இறுதியில் டைனமோவை விட்டு ஆல்டர்னேட்டருக்கு மாறியது.

ஆல்டர்னேட்டரில் ஏற்பாடு தலைகீழ். காந்தம் நடுவில் சுழல்கிறது; மின்சாரம் சுற்றியுள்ள அசையாத காயிலில் பிறக்கிறது. பிரஷ் வழியாகப் போவது சில ஆம்பியர்தான். மெதுவாக ஓடும்போதும் சார்ஜ் ஏறும். உள்ளே பிறக்கும் மாறுதிசை மின்சாரத்தை டயோடுகள் நேர்திசையாக்குகின்றன. மின்சாரம் திரும்பிப் பாயாமல் அவையே தடுப்பதால் கட்-அவுட்டும் தேவையில்லை.

ஆனால் டயோடு மின்னழுத்தத் தாவலைத் தாங்காது. ஓடும் என்ஜினில் பேட்டரியைக் கழற்றும்போது, அதில் ஏறிக்கொண்டிருந்த மின்சாரம் போக இடமின்றி, மின்னழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குப் பல மடங்கு தாவும். 12 வோல்ட் வண்டியில் அது 100 வோல்ட்டை நெருங்கவும் கூடும். டயோடு, ரெகுலேட்டர், இன்றைய வண்டியானால் கணினிப் பெட்டி வரை போகலாம். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டரைச் சோதனையே கொன்றுவிட்டு, அதற்கும் நம்மிடமே பணம் வாங்கப்படுகிறது. அன்றன்று ஓட்டிச் சம்பாதிக்கும் டாக்ஸிக்காரருக்கு இது சிறிய தொகையல்ல.

இன்னொன்று: பழைய டீசல் என்ஜின் கிளம்பிய பின் ஓடுவதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. அதில் டெர்மினலைக் கழற்றினால் என்ன தெரியும்? ஆல்டர்னேட்டர் செத்திருந்தாலும் என்ஜின் ஓடும்.

சரியான வழி எளிது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன், நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்து சற்று வேகம் கொடுத்தால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டாலும் பெரிதாக இறங்கக் கூடாது. ஏறவே இல்லையா? பெல்ட் தளர்வு, டெர்மினலில் படிந்த பச்சை, என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது; பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

டேஷ்போர்டின் சிவப்பு விளக்கையும் மறக்காதீர்கள். டைனமோ, தன் இரும்பில் தங்கிய காந்தத்தைக் கொண்டே எழுந்துகொள்ளும். பழைய ஆல்டர்னேட்டர் பலவற்றுக்கு அந்த விளக்கின் வழியாக வரும் சிறு மின்சாரம்தான் முதல் தூண்டுதல். சாவி போட்டதும் விளக்கு எரியவில்லை என்றால், பல்பு ஃப்யூஸ் ஆனதாலேயே சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். சில ரூபாய்ப் பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

மெக்கானிக்குகளைக் குறை சொல்லவில்லை. கைத்தொழில் கண்ணால் பார்த்துத்தான் பரவுகிறது. எது ஏன் செய்யப்பட்டது என்பது மட்டும் வழியில் உதிர்ந்துவிடுகிறது. அடுத்தமுறை அவர் ஸ்பேனரை எடுத்து டெர்மினல் பக்கம் போனால், "தம்பி, முதலில் என்ஜினை நிறுத்து, மீட்டர் வச்சுப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.