நிலம்பைக் கலகமும் நான்காம் ஹென்றியும்

1660ஆம் ஆண்டு, புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் செப்பஞ் செய்தற்பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. கரையிறங்கியோர் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டனர். அவருள் ஒருவனாகிய றொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலை நம்மவர் பலர் அறிவர். 1664இல் இரண்டாம் இராசசிங்கனுக்கு எதிராக எழுந்த கலகத்தை அதிற் படிக்குந்தோறும், செகப்பிரியரின் 'நான்காம் ஹென்றி' முதற்பாகம் நினைவுக்கு வரும்.

1399இல் இரண்டாம் றிச்சட்டை நீக்கி முடி கவர்ந்தவன் ஹென்றி. அதற்குத் துணைநின்ற பேர்சி குலத்தாரே 1403இல் அவனை எதிர்த்துச் சுரூஸ்பரியிற் போரிட்டனர். இவ்வரலாற்றின் நடுவே புலவர் ஒரு மதுச்சாலைக் காட்சியை அமைக்கின்றார். பால்ஸ்டாஃப் என்னும் பருத்த கிழவன் நாற்காலியை அரியணையாகவும், குத்துவாளைச் செங்கோலாகவும், திண்டொன்றை முடியாகவுங் கொண்டு அரசனாக நடிக்கின்றான். பார்த்துச் சிரிப்பவன் முடி கவர்ந்தவனின் மகன்! பிறர் வணங்குதலாலன்றோ முடி முடியாகின்றது என்னும் ஐயம் அச்சிரிப்பினூடே அவையோர் உள்ளத்துட் புகுகின்றது. நம் தெருக்கூத்திற் கட்டியங்காரனும் அரசன் வரவை அறிவித்த வாயாலேயே அவனை எள்ளுவான்.

நிலம்பையில் நடந்தது நாடகமன்று. நள்ளிரவில் அரண்மனை தாக்கப்பட, அரசன் மலைக்கு ஓடினான். கலகத்தார் கண்டிக்குச் சென்று அவன் இளமகனை வெளிக்கொணர்ந்து, முகங்குப்புற வீழ்ந்து வணங்கி, அரசன் என்றனர். அரண்மனைக்கு வெளியே உலகறியாத அப்பிள்ளை, தன்முன் வீழ்ந்த கூட்டத்தைக் கண்டு வெருண்டான். பின்னர் அரசனின் சகோதரி அவனை எடுத்துக்கொண்டு அரசனிடம் ஓடிவிட்டாள். வணங்குதற்கு ஒருவர் இல்லாது போகவே, கலகத்தார் திகைத்துக் கலைந்து, தம்முள்ளே வெட்டிக்கொண்டனர். திண்டு ஒன்றேனும் கைவசம் இருந்திருக்கலாம்!

பின்னிகழ்ந்ததும் நகைக்கத்தக்கதே. தலைவருள் ஒருவனாகிய அம்பன்வெல ராலையைப் புதுவகையாக வதைத்துக் கொல்லுமாறு அரசன் கொழும்புக்கு ஒல்லாந்தரிடம் அனுப்பினான். அவர்களோ விலங்கு நீக்கி அவனை மதிப்புடன் வைத்திருந்தனர்.

மதுச்சாலையிற் சிரித்த இளவரசன் ஐந்தாம் ஹென்றியாய் முடிசூடினான். கண்டிப் பிள்ளையையோ தந்தையே நஞ்சூட்டிக் கொன்றான் என்கின்றார் நொக்ஸ். எனினும், 1687இல் அரசெய்திய இரண்டாம் விமலதர்மசூரியனை இராசசிங்கனின் மகனென்றே சூளவம்சம் கூறுதலின், சிறையாளியின் செவிக்கெட்டிய அச்செய்தி ஆராய்தற்குரியது.