‘பையன்’னு ஒரு வேலை: செஞ்சி மண்டியில ஓடின கால்கள்

செஞ்சின்னு சொன்னதும் உங்களுக்கு ராஜகிரி ஞாபகம் வரும், தேசிங்கு ராஜா ஞாபகம் வருவார். 2025-ல் யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததும் வீக்எண்ட் கூட்டம் வேற. ஆனா இன்னைக்கு நாம கோட்டைக்கு மேல ஏறப் போறதில்ல. கீழ, ஊருக்குள்ள, நெல் மண்டிப் பக்கம் போறோம். எங்க தாத்தா பத்து வயசுல வேலைக்குச் சேர்ந்த இடம் அது. வருஷம் 1945.

என்ன வேலைன்னு கேட்டா தாத்தா ஒரே வார்த்தைதான் சொல்லுவார்: “பையன்.” அதுதான் உத்தியோகம். கணக்குப்பிள்ளை துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்பார். அதை எடுத்துட்டு ரைஸ் மில்லுக்கு ஓடணும், லாரிக்காரர்கிட்ட ஓடணும், தரகர் வீட்டுக்கு ஓடணும், பதிலை வாங்கிட்டுத் திரும்பி ஓடி வரணும். நடுவுல டீ, வெத்தலை, முதலாளி வீட்டுக்குக் காய்கறி. போன் இல்லாத ஊர்ல வியாபாரத்தோட நெட்வொர்க்கே இந்தப் பசங்க காலுதான். நான் வேலை பார்க்கிறது மெசேஜிங் சிஸ்டம்லதான், அதனால இது எனக்குக் கொஞ்சம் கூடுதலாவே உறைக்குது. என் சர்வருக்குப் பசிக்காது.

யோசிச்சுப் பாருங்க, ஆபீஸ் பாய், டெலிவரி பாய்னு இன்னைக்கும் சொல்றோம். நாற்பது வயசு ஆளையும் ‘பாய்’ங்கிறோம். அந்த வேலையை உண்மையாவே பசங்க செஞ்ச காலத்தோட மிச்சம்தான் அந்தப் பேர்னு நான் நினைக்கிறேன்.

இது செஞ்சிக்கு மட்டும் நடந்த கதை இல்ல. அமெரிக்காவுல லூயிஸ் ஹைன்னு ஒரு போட்டோகிராபர். முன்னாடி ஸ்கூல் வாத்தியார். 1908-லேர்ந்து வேலை செய்யுற குழந்தைகளை ஊர் ஊராப் போய்ப் படம் பிடிச்சார். அதுல யூனிபார்ம் போட்ட தந்திப் பசங்க நிறைய பேர் இருக்காங்க. ராத்திரியில சீட்டு எடுத்துட்டு விபசார விடுதிக் கதவு வரைக்கும் போன பசங்க. அந்த ஆதாரமெல்லாம் வெளிய வந்த பிறகு, 1910-ல் நியூயார்க் மாநிலம் பெரிய நகரங்கள்ல 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களை இரவு நேரத் தூது வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது. கவனிங்க, தடை ராத்திரிக்குத்தான். பகல்ல ஓடலாம்.

சரி, நம்ம பக்கம் சட்டமே இல்லையா? இருந்தது. 1881 தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயசுக்குக் கீழ வேண்டாம்னு சொன்னது. ஏழு! 1922-ல் அது பன்னிரண்டாச்சு. ஆனா அதெல்லாம் மெஷின் ஓடுற பெரிய ஆலைகளுக்கு. மண்டி ஆலை இல்ல. டீக்கடையும் ஆலை இல்ல.

1929-ல் விட்லி தலைமையில ஒரு ராயல் கமிஷன் தொழிலாளர் நிலைமையை ஆராய வந்தது. நம்ம வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் அதுல ஒரு உறுப்பினர். 1931-ல் வந்த அறிக்கையில பீடிக் கூடங்களைப் பத்தி எழுதியிருக்கிறதைப் படிச்சப்போ நான் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். அஞ்சு வயசுக் குழந்தைகள், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், கூலி சில இடத்துல வெறும் இரண்டு அணா. பெத்தவங்க முன்பணம் வாங்கிட்டுப் பிள்ளையோட உழைப்பை அடகு வைக்கிற வழக்கமும் அந்த அறிக்கையில வருது.

அதோட விளைவா 1933-ல் ஒரு சட்டம் வந்தது. பதினஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளையோட உழைப்பை அடகு வச்சா அந்த ஒப்பந்தம் செல்லாது. மீறின பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம், வேலைக்கு வச்சவருக்கு 200 ரூபாய் வரை. இதைப் படிச்சுட்டுத்தான் தாத்தாவுக்குப் போன் அடிச்சேன்.

“தாத்தா, உங்க அப்பா மண்டியில முன்பணம் ஏதாவது வாங்கினாரா?”

“முப்பது ரூபா. அக்கா கல்யாணத்துக்கு. நான் ஓடிக் கழிச்சேன்.”

“எத்தனை வருஷம்?”

“யாருடா கணக்கு வச்சா? அவங்க நோட்டுல இருந்துச்சு.”

அதாவது, அவர் சேர்றதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடியே அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அது செஞ்சி மண்டியில யாருக்கும் தெரியல, இல்ல தெரிஞ்சவங்க சொல்லல.

1938-ல் இன்னொரு சட்டம் வந்தது. ரயில்ல பயணிகள், சரக்கு, தபால் கொண்டு போற வேலையில பதினஞ்சு வயசுக்குக் கீழ யாரும் கூடாது. தூது வேலைக்குக் கொஞ்சம் பக்கத்துல வந்துட்டாங்கன்னு எனக்கு ஒரு சந்தோஷம். ஆனா தாத்தா காலத்துல செஞ்சிக்கு ரயிலே கிடையாது, ஸ்டேஷன்னா திண்டிவனம்தான். 1939-ல் பீடி, தீப்பெட்டி, தோல் பதனிடுதல்னு சில பட்டறைகளையும் சேர்த்து, அங்க பன்னிரண்டு வயசுக்குக் கீழ கூடாதுன்னாங்க. சீட்டு எடுத்துட்டு ஓடுற பையன் அந்தப் பட்டியல்லயும் இல்ல. டீக்கடை, ஓட்டல், வீட்டு வேலைக்கெல்லாம் தடை வர 2006 அக்டோபர் ஆகணும். அப்போ நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன்!

இதையெல்லாம் தாத்தாகிட்ட சொல்லி, “நீங்க ஒரு குழந்தைத் தொழிலாளர் தாத்தா”ன்னேன். கோபம் வந்துடுச்சு.

“கம்முனு இரு. அந்த மனுஷன் மதியம் சோறு போட்டாரு. எங்க வூட்ல ஏது மதியச் சோறு?”

எனக்குப் பதில் வரல. 1920-லயே சென்னையில ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில மதிய உணவு குடுத்துப் பார்த்தாங்க. நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் காலம் அது. மாநிலம் முழுக்கப் போனது 1956-க்கு அப்புறம், காமராஜர் ஆட்சியில. தாத்தாவுக்கு அப்போ இருபத்தோரு வயசு. சோறு மண்டியில இருந்தது, பள்ளிக்கூடத்துல இல்ல. அதனால பையன் மண்டிக்குப் போனான். முதலாளி நல்லவரா கெட்டவரான்னு நான் தேடிட்டிருந்த கேள்வியே தப்புன்னு அப்போதான் தோணுச்சு.

போன மாசம் அவரை செஞ்சிக்குக் கூட்டிட்டுப் போனேன். மலை ஏற முடியல, கல்யாண மஹால் வரைக்கும் வந்தார். இத்தனை வருஷம் பக்கத்துலயே ஓடியும் உள்ள வந்ததே இல்லையாம்.

“ஏன் தாத்தா?”

“இங்க யாருக்கும் சீட்டு வரலயேடா”ன்னார்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.