வெண்ணிலா கபடிகுழு

வெண்ணிலா கபடிகுழு 2009 ஜனவரி 29 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். சுசீந்திரன் இயக்கிய முதல் படம் இது. விஷ்ணு விஷால் கதைநாயகனாக அறிமுகமானதும் இதில்தான். தோற்பதையே வழக்கமாகக் கொண்ட ஒரு கிராமத்துக் கபடி அணி, ஆட்டத்தை விடாமல் பற்றிக்கொண்டு வெற்றியை எட்டுவதும், அந்த வெற்றிக்குக் காரணமான இளைஞன் இளவயதிலேயே இறந்துபோவதும் இதன் கதை. தமிழின் விளையாட்டுப் படங்களில் கிராமத்து மண்ணோடு மிக நெருங்கி நிற்கும் படங்களுள் ஒன்று.

கதைக்களம்

படம் நிகழ்வது திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி வட்டாரத்தில். பழனியை அடுத்த ஒட்டன்சத்திரம் வட்டாரத்தைச் சேர்ந்த சுசீந்திரன், தான் பார்த்து வளர்ந்த ஊர்களையும் மனிதர்களையுமே படமாக்கினார். மேய்ச்சல் காடு, கோயில் திருவிழா, பரோட்டாக்கடை, பொழுது சாய்ந்தபின் கூடும் ஆடுகளம் என எதுவும் இதில் ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை.

கதைச் சுருக்கம்

தந்தையை இழந்து, படிப்பை நிறுத்திவிட்டு ஆடு மேய்க்கும் இளைஞனுக்குக் கபடிதான் மூச்சு. கூலி வேலை, கடை வேலை என்று பகலைக் கழிக்கும் நண்பர்களோடு அவன் ஆடும் அணி எங்கே போனாலும் தோற்றுத் திரும்புகிறது. ஊரின் கேலிக்கும் ஆளாகிறது. திருவிழாவுக்கு வந்த பெண் ஒருத்தியுடன் அவனுக்குக் காதல் மலர்கிறது. அடுத்த திருவிழாவில் சந்திக்கலாம் என்ற நம்பிக்கையோடு இருவரும் பிரிகிறார்கள்.

மதுரையில் நடக்கும் பெரிய போட்டிக்குச் செல்லும் அணிக்கு அங்கே பயிற்சியாளர் சவடமுத்துவின் துணை கிடைக்கிறது. அவருடைய கண்டிப்பான பயிற்சியில் அணி ஒவ்வொரு ஆட்டமாக முன்னேறி இறுதிப்போட்டியில் வெல்கிறது. அந்த வெற்றியோடு நாயகனின் உயிரும் பிரிகிறது. மறுஆண்டு திருவிழாவுக்கு வரும் பெண், அவன் இறந்ததை அறியாமல் அவனைத் தேடுகிறாள்.

கலைஞர்கள்

நாயகியாகச் சரண்யா மோகனும் பயிற்சியாளராகக் கிஷோரும் அணித் தோழர்களாகச் சூரி, அப்புக்குட்டி முதலியோரும் நடித்தனர். எழுத்தாளர் பாஸ்கர் சக்தி வசனம் எழுதினார். கஞ்சிராக் கலைஞர் வி. செல்வகணேஷ் இசையமைத்தார், லக்ஷ்மன் குமார் ஒளிப்பதிவு செய்தார். விஷ்ணு விஷால் சினிமாவுக்கு வருமுன் கிரிக்கெட் வீரராக இருந்தவர். காலில் ஏற்பட்ட காயத்தால் அந்த ஆட்டத்தை விட்டவர்.

ஆட்டமும் படமும்

சடுகுடு என்றும் வழங்கும் கபடிக்குக் கோடு கிழித்த மண் போதும். பந்தோ மட்டையோ வேண்டாம். அணிக்கு ஏழு பேர் களத்தில் நிற்பார்கள். பாடிச் செல்பவர் ஒரே மூச்சில் எதிரணியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். கையில் காசில்லாத உழைப்பாளிகளின் ஆட்டமாக இது வேரூன்றியதற்கு இந்த எளிமையே காரணம். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமானபோதும், கிராமத்து இளைஞர்களுக்கு அங்கே செல்லும் வழி எளிதாகிவிடவில்லை.

2004இல் வெளியான கில்லியிலும் நாயகன் கபடி வீரன்தான். ஆனால் அங்கே ஆட்டம் ஒரு நட்சத்திரத்தின் வீரத்தைக் காட்ட உதவியது. இங்கே ஏழு பேரின் பிடியும் பிழையும் கூச்சமும் கதையாகின்றன. புரோ கபடி லீக் தொடங்கிய 2014க்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இந்த ஆட்டக்காரர்களைத் திரையின் நடுவில் நிறுத்தியது இப்படம்.

தாக்கம்

பெரிய நட்சத்திரங்கள் இல்லாமலே படம் வெற்றி பெற்றது. பந்தயம் கட்டிப் பரோட்டா தின்னும் காட்சி, பல ஆண்டுகள் சிறு வேடங்களில் காத்திருந்த சூரிக்கு ‘பரோட்டா சூரி’ என்ற பெயரைத் தந்தது. சுசீந்திரனும் பாஸ்கர் சக்தியும் அப்புக்குட்டியும் மீண்டும் இணைந்த அழகர்சாமியின் குதிரை (2011) தேசிய விருது பெற்றது. அப்புக்குட்டி சிறந்த துணை நடிகரானார். கிரிக்கெட்டை வைத்து ஜீவா (2014), பெண்கள் கபடியை வைத்து கென்னடி கிளப் (2019) ஆகிய படங்களையும் சுசீந்திரன் இயக்கினார்.

இக்கதை தெலுங்கில் நானி நடிப்பில் பீமிலி கபடி ஜட்டு (2010) என்றும், இந்தியில் பத்லாபூர் பாய்ஸ் (2014) என்றும் மறுஆக்கம் பெற்றது. வேறொரு இயக்குநரின் கையில் இரண்டாம் பாகம் 2019இல் வந்தது.

மதிப்பீடு

நாயகனின் மரணத்தைத் தியாகமாகப் பெரிதாக்காமல், நண்பர்களுக்கும் காதலிக்கும் ஈடுசெய்ய முடியாத இழப்பாகக் காட்டியதே இப்படத்தின் நேர்மை. வெல்வதற்கு முன்பே இந்த இளைஞர்கள் மதிக்கத் தக்கவர்கள் என்று அது உறுதியாகச் சொல்கிறது. விளையாட்டைப் பற்றித் தமிழில் படமெடுக்க வருபவர் எவரும் முதலில் பார்க்க வேண்டிய படம் இது.