சூலகப் புற்றுநோய்: படமெடுப்பு முறைகளின் ஒப்பீடு

சூலகப் புற்றுநோயைக் கண்டறிவதில் விலை கூடிய ஸ்கேனே சிறந்தது என்ற எண்ணம் பரவலானது. சான்றுகள் அப்படிச் சொல்வதில்லை. பாலாவி போன்ற சிற்றூரிலிருப்பவருக்கும் கொழும்பிலிருப்பவருக்கும் முதற்படி ஒன்றே: யோனிவழி அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சில்லாத இம்முறை கட்டியின் திண்மப் பகுதியையும் உட்சுவரையும் இரத்த ஓட்டத்தையும் காட்டும். பார்ப்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தது என்ற குறை உண்மையே. அதைக் குறைக்கவே ‘ஐயோட்டா’ ஆய்வுக் குழு கட்டி நல்லதா கெட்டதா எனப் பிரித்தறியும் எளிய விதிகளை 2008இல் வெளியிட்டது. அவ்விதிகளுக்குள் அடங்காத கட்டிகளில்தான் எம்.ஆர்.ஐ. தன் மதிப்பைக் காட்டுகிறது. சி.டி.யின் வேலை வேறு: கட்டி நல்லதா கெட்டதா என்பதில் தடுமாறும், வயிற்றறைக்குள் நோய் பரவிய அளவைத் தெளிவாக்கும். பெட்-சி.டி., நல்லதுக்கும் கெட்டதுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைக் கட்டிகளைத் தவறவிடக்கூடும்.

அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் ஸ்கேன் செய்தால் என்ன? பிரித்தானியாவில் 50 முதல் 74 வயது வரையான 2 இலட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வு 2021இல் விடை தந்தது: இறப்பு குறையவில்லை. இது அறிகுறி இல்லாதவர்களுக்கான விடை மட்டுமே. வயிற்று உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி ஆகியவை வாரக்கணக்கில் நீடிப்பவருக்கு ஸ்கேனைத் தள்ளிப்போட இந்த ஆய்வு சாட்டாகாது. எந்தப் படமும் ஐயத்தையே எழுப்பும். நோயை உறுதிப்படுத்துவது திசுப் பரிசோதனை.