யார் முதலில் திரும்புவது? பெருந்தொற்றுக் காலப் பள்ளித் திறப்பும் பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளும்

முன்னுரை

2020 ஜனவரி 2 அன்று பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டில் சேர்ந்த ஏழு வயதுக் குழந்தைகள் பத்து வாரம் பள்ளிக்குப் போனார்கள். மார்ச் 13, வெள்ளிக்கிழமை, ஒரு வார விடுமுறைக்கென்று புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். விடுமுறை முடிவதற்குள், மார்ச் 18 அன்று, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அவர்கள் மறுபடி வகுப்பறைக்குள் கால் வைத்தது ஜூலை 22 அன்று. நாட்டின் பள்ளி மாணவர்களில் கடைசி அணியாகத் திரும்பியவர்கள் முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரையிலான பிள்ளைகள்.

அவர்கள் ஏன் கடைசியில் நின்றார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பள்ளிகளைத் திறப்பதா, மூடியே வைப்பதா என்ற விவாதம் 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளிலும் ஓயாமல் நடந்தது. எந்த வகுப்பு முதலில் திரும்ப வேண்டும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை, இழப்பின் பெரும்பகுதியைத் தீர்மானித்தது அந்த வரிசைதான். தேர்வை அளவுகோலாக வைத்து வகுத்த வரிசையில், ஆறாண்டுத் தொடக்கக் கல்வி மட்டுமே தரும் தமிழ்ப்பள்ளி எப்போதும் கடைசியில்தான் நிற்க முடியும். தொடக்க எழுத்தறிவை அளவுகோலாகக் கொண்டிருந்தால் அது முதலில் நின்றிருக்கும். இவ்விரண்டாவது அளவுகோலே சரியானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

முடிவெடுத்த இடம்

மலேசியாவில் கல்வி கூட்டரசின் பொறுப்பு. அமெரிக்காவில் பல ஊர்களில் இருப்பதுபோல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டக் கல்வி வாரியம் இங்கு இல்லை. பினாங்கின் ஐந்து மாவட்டங்களில் எந்தப் பள்ளி என்று திறக்கும் என்பதைப் புத்ராஜெயாவில் உள்ள கல்வி அமைச்சு முடிவு செய்தது. மாவட்டக் கல்வி அலுவலகம் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்தது. மாநில அரசு நிதி தரலாம், கோரிக்கை வைக்கலாம். வாயிற்கதவைத் திறக்க அதற்கு அதிகாரம் இல்லை.

இந்த அமைப்பில் தலைமையாசிரியருக்குச் சற்றே முடிவெடுக்க இடம் கிடைத்த காலம் ஒன்று உண்டு. 2020 ஜூலைத் திறப்பின்போது அமைச்சு மூன்று முறைகளை முன்வைத்தது: அனைவரும் ஒரே வேளையில் வருவது, இரு வேளைகளாகப் பிரிப்பது, சுழற்சி முறையில் வருவது. தன் பள்ளியின் இடவசதிக்கும் மாணவர் எண்ணிக்கைக்கும் ஏற்றதைப் பள்ளி நிர்வாகமே தேர்ந்துகொள்ளலாம். 2021 அக்டோபரில் இந்த இடம் சுருங்கியது. வகுப்பில் பாதிப் பேர் ஒரு வாரமும் மறுபாதி அடுத்த வாரமும் வரும் சுழற்சியே பொது விதியாயிற்று.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தீவில் ஸ்காட்லாந்து சாலை இராமகிருஷ்ணா, குளுகோர் சுப்பிரமணிய பாரதி, ஆயர் ஈத்தாம் இராஜாஜி போன்ற நகர்ப்புறப் பள்ளிகள் இருக்கின்றன. செபராங் பிறைப் பக்கம் பத்து காவான், ஜாவி போன்ற தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இருக்கின்றன. 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சே வகைப்படுத்துகிறது. வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள பள்ளியில் மேசைகளுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி விடுவது பெரிய காரியமே இல்லை. நாற்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் பள்ளியில் அது முடியாத காரியம். இரண்டையும் ஒரே விதியில் அடைத்தது நிர்வாகத்துக்கு எளிது; சிறிய பள்ளியின் குழந்தைக்கு அது காரணமில்லாத இழப்பு.

தமிழ்ப்பள்ளி பக்கத்துத் தெருப் பள்ளி அன்று என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் பல வட்டாரங்களிலிருந்து பள்ளி வேனில் வருகிறார்கள். பாதிப் பிள்ளைகளை மட்டும் ஏற்றி ஓடும் வேனுக்கு எரிபொருள் செலவு பாதியாகக் குறைவதில்லை. வாரம் விட்டு வாரம் என்ற ஏற்பாட்டின் சுமை கடைசியில் குறைந்த வருமானக் குடும்பங்களின் மேல் இறங்கியது.

மூன்று திறப்புகள், இரண்டு வரிசைகள்

முதல் திறப்பு 2020 ஜூன் 24 அன்று தொடங்கியது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். போன்ற அரசுத் தேர்வுகளை எழுதவிருந்த மாணவர்கள் முதலில் திரும்பினார்கள். ஜூலை 15 அன்று ஏனைய இடைநிலை மாணவர்களும் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். சிறியவர்கள் ஜூலை 22 அன்று வந்தார்கள். நவம்பர் 9 அன்று, தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, நாடு முழுவதும் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன.

இரண்டாவது திறப்பில் ஒரு திருப்பம் நேர்ந்தது. எஸ்.பி.எம். தேர்வர்களுக்கு ஜனவரியிலிருந்தே தனி ஏற்பாடு இருந்தது. பொது மாணவர்களைப் பொறுத்தவரை, 2021 மார்ச் 1 அன்று பாலர் வகுப்பும் முதலாம், இரண்டாம் ஆண்டுகளும் முதலில் வந்தன. மார்ச் 8 அன்று மூன்று முதல் ஆறாம் ஆண்டு வரை வந்தது. இடைநிலைப் பள்ளிகள் ஏப்ரலில்தான் திறந்தன. வீட்டில் தானாகப் படிக்க இயலாத சிறியவருக்கே ஆசிரியர் முதலில் வேண்டும் என்ற எண்ணம் இம்முறை மேலோங்கியது. ஆனால் இந்த ஏற்பாடு பத்து வாரம்கூட நீடிக்கவில்லை. மே மாதத்தில் தொற்று கடுமையாகி, பள்ளிகள் மூன்றாம் முறையாக மூடின.

மூன்றாவது திறப்பு 2021 அக்டோபர் 3 முதல், மாநிலங்களின் மீட்சி நிலையைப் பொறுத்துப் படிப்படியாக நடந்தது. மறுபடியும் தேர்வு வகுப்புகளுக்கே முன்னுரிமை. மார்ச்சில் கண்டறிந்த நியாயம் ஏழு மாதத்தில் மறைந்துபோனது.

மூன்று திறப்புகளையும் கூட்டிப் பார்த்தால் அந்த முதலாம் ஆண்டுக் குழந்தையின் கணக்கு தெளிவாகும். 2020இல் தொடக்கத்தில் பத்து வாரம், பிறகு ஏறத்தாழ பதினைந்து வாரம். 2021இல் முதலில் பத்து வாரத்துக்கும் குறைவு, பிறகு ஆண்டின் இறுதிப் பகுதியில் வாரம் விட்டு வாரம். முழு இரண்டு கல்வியாண்டுகளில் நேரடி வகுப்பு ஓராண்டு அளவைக்கூட எட்டவில்லை.

கைத்தொலைபேசிக்குத் தெரியாதது

இடைப்பட்ட காலத்தில் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்ததே என்று கேட்கலாம். ஆசிரியர்கள் இரவு பகலாக உழைத்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் கருவி எத்தனை வீட்டில் இருந்தது? 2020இல் அமைச்சு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடு மட்டுமே. 2021இல் தொடங்கிய செர்டிக் திட்டம் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 வசதி குறைந்த மாணவர்களுக்குக் கருவி தர முனைந்தது. பினாங்கின் ரைஃபல் ரேஞ்ச் போன்ற நெருக்கடியான அடுக்குமாடி வீட்டில், அப்பா வேலைக்கு எடுத்துச் செல்லும் ஒரே கைத்தொலைபேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்தால், பாடம் இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்கும்.

கருவி இருந்த வீட்டிலும் வேறொரு தடை இருந்தது. ஒரு பிள்ளை 'கொ' என்று எழுதுவதைக் கவனிப்போம். காதில் விழும் வரிசையில் முதலில் வருவது மெய்யொலி, பிறகு உயிரொலி. தாளில் எழுதும்போதோ ஒற்றைக் கொம்பு முதலில் வந்து, பிறகு 'க', பிறகு கால் வருகிறது. ஒலியின் வரிசையும் கையின் வரிசையும் வேறு வேறு. பல குழந்தைகள் முதலில் 'க' எழுதி, காலை ஒட்டி, கடைசியில் முன்பக்கம் மிஞ்சிய சந்தில் கொம்பைச் செருகுவார்கள். வகுப்பில் ஆசிரியர் மேசையருகே நின்று, பென்சில் நகரும்போதே அந்தக் கையைப் பிடித்துத் திருத்துவார். புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்து சேர்வது எழுதி முடித்த தாளின் படம் மட்டும். அதில் 'கொ' சரியாகவே இருக்கும். அது எந்த வழியில் எழுதப்பட்டது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தவறான வழி பழகிவிட்டால், நீண்ட சொற்களை எழுதும்போது கை தடுமாறும், வேகம் குறையும், பிள்ளைக்கு எழுதுவதே சலிப்பாகிவிடும்.

ஒலியிலும் இதே சிக்கல் உண்டு. ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் ஆசிரியரின் வாயைப் பார்த்தும் திரும்பத் திரும்பச் சொல்லியும் பழகுவன. கைத்தொலைபேசியின் மங்கிய ஒலியில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். பள்ளி திறந்த பிறகும் ஆசிரியரின் வாய் முகக்கவசத்துக்குள் இருந்தது. நோய்த்தடுப்புக்கு அது தேவைதான். அதனால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை.

மலாய், ஆங்கில எழுத்துகள் தொலைக்காட்சியிலும் கடைப் பலகைகளிலும் குழந்தையின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஜார்ஜ்டவுனில் கடைத்தெருவையும் கோயில் வாசல்களையும் தாண்டினால் தமிழ் எழுத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கும் தமிழை வாசிக்கும் இடம் பள்ளிதான். பள்ளி மூடினால் பிற மொழிகளுக்கு ஒரு வாசல் மூடுகிறது. தமிழ் எழுத்துக்கு ஏறக்குறைய எல்லா வாசல்களும் மூடுகின்றன. நாடெங்கும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தும் தமிழை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறாண்டுக்குள் பிடிக்காத வாசிப்பை ஏழாம் ஆண்டில் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்ல இங்கே வழியில்லை.

எதிர்வாதங்கள்

தேர்வு வகுப்புகளுக்கு முன்னுரிமை தந்ததற்கு மூன்று நியாயங்கள் சொல்லலாம். முதலாவது, எஸ்.பி.எம். ஒரு மாணவனின் வாழ்க்கைத் திருப்பம். அதைத் தள்ளிப்போட்டால் உயர்கல்வி, வேலை எல்லாம் தள்ளிப்போகும். இரண்டாவது, பதினேழு வயதினர் முகக்கவசம், இடைவெளி ஆகிய விதிகளைக் கடைப்பிடிப்பார்கள். ஏழு வயதினரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. மூன்றாவது, தடுப்பூசியும் அதே வரிசையில்தான் வந்தது. 12 முதல் 17 வயதினருக்கு 2021 செப்டம்பரில் தொடங்கியது. 5 முதல் 11 வயதினருக்கு 2022 பிப்ரவரியில்தான் தொடங்கியது.

இவற்றை எளிதில் ஒதுக்க முடியாது. 2021 முடிவதற்குள் மலேசியாவில் 31,000க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். தாத்தா பாட்டியோடு ஒரே அறையில் உறங்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எனினும், இந்த நியாயங்கள் தேர்வு மாணவர்களைத் திரும்ப அழைப்பதற்குக் காரணமாகுமே தவிர, சிறியவர்களைக் கடைசியில் நிறுத்துவதற்குக் காரணமாகா. பதினேழு வயது மாணவன் பாடநூலைத் தானே வாசிப்பான். அவனுக்கு வேண்டியது வழிகாட்டல். ஏழு வயதுக் குழந்தைக்கு வாசிக்கவே ஆசிரியர் வேண்டும். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று பள்ளிகளைத் திறந்தபோது, சிறு வகுப்புப் பிள்ளைகளையே முதலில் அழைத்தது. சிறு குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்தது. அந்த நாட்டின் வசதி நமக்கில்லை என்பது உண்மை. ஆனால் பத்துப் பிள்ளைகள் கொண்ட தோட்டப்பள்ளி வகுப்பு இயல்பிலேயே ஒரு சிறு குழுதான்.

அளக்கப்படாத இழப்பு

2020 ஏப்ரலில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான அவ்வாண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு கைவிடப்பட்டது. 2021 ஏப்ரலில் அத்தேர்வு நிரந்தரமாக நீக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோளிலிருந்து ஒரு பெரும் சுமை இறங்கியதை வரவேற்கவே வேண்டும். ஆனால் தமிழ் வாசிப்பையும் எழுத்தையும் நாடு முழுவதும் ஒரே அளவில் காட்டிய பொதுக்கருவி அதுதான். தொடக்க வகுப்புகளுக்கென 2010இல் வந்த லீனுஸ் திட்டம் மலாய் எழுத்தறிவையும் எண்ணறிவையும், பின்னர் ஆங்கிலத்தையும் அளந்தது. தமிழ் எழுத்தறிவு அதன் வட்டத்துக்குள் வரவில்லை. ஆகவே பள்ளிகள் திறந்தபோது, தமிழ் வாசிப்பில் ஒரு வகுப்பு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்ல முந்தைய அளவு எதுவும் ஆசிரியரின் கையில் இல்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே பாடமாகும். அங்கும் தேர்வு வகுப்புகளே முதலில் திரும்பின: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று, ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1 அன்று. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. பெருந்தொற்றுக்கு முன்பே கிராமப்புறக் குழந்தைகளின் கற்றல் நிலை ஓர் ஆய்வில் அளக்கப்பட்டிருந்தது. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் பள்ளிகள் திறந்த பிறகு இருந்த நிலையை அந்த அடிப்படை அளவோடு ஒப்பிட்டார்கள். கணக்கிலும் தமிழிலும் பெரிய சரிவு தெரிந்தது. திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டதும் தெரிந்தது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் ஊருக்குள்ளேயே பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உரியது என்றும் அவர்கள் கணித்தனர். அளவு இருந்ததால் இழப்பு தெரிந்தது. எந்த மருந்து எவ்வளவு வேலை செய்தது என்பதும் தெரிந்தது.

முடிவுரை

இக்கட்டுரையிலிருந்து மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. ஒன்று, அடுத்த முறை பள்ளிகள் மூட நேர்ந்தால், தேர்வு வகுப்புகளோடு சேர்த்து முதல் மூன்று ஆண்டுகளையும் முதல் அணியில் அழைக்க வேண்டும். இரண்டு, 2020 ஜூலையில் இருந்ததுபோல், வருகை முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பள்ளிக்கு இருக்க வேண்டும். சிறிய பள்ளி முழு வருகையோடு இயங்க வழி வேண்டும். மூன்று, தமிழ் வாசிப்புக்கென எளிய அடிப்படை மதிப்பீடு ஒன்று இப்போதே உருவாக வேண்டும். இதற்கு அமைச்சுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பினாங்கின் 28 பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பள்ளி மேலாளர் வாரியங்களும் கைகோத்தால் ஒரே பருவத்தில் முடிக்கலாம். ஒரு பிள்ளையை அருகில் உட்கார வைத்து, ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்லைப் பிழையின்றி வாசிக்கிறது என்று குறித்து வைப்பதே அதன் தொடக்கம்.

மலாயாவில் தமிழ்க்கல்வியின் வரலாறு 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எழுதப்படுகிறது. அதே மாநிலத்தில், 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் உட்கார்ந்த பிள்ளைகள் 2025ஆம் கல்வியாண்டோடு ஆறாம் ஆண்டை முடித்துத் தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறிவிட்டார்கள். அவர்களுக்கு நாம் செய்யாத அந்த ஒரு நிமிட மதிப்பீட்டை, இன்று முதலாம் ஆண்டில் 'கொ' எழுதப் பழகும் பிள்ளைகளுக்காவது செய்து வைப்போம்.