ஊர்க்காவலும் தலைநகர்க் காவலும்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 11ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், வாஷிங்டன் நகரின் பொலிஸ் படையைத் தம் கட்டுப்பாட்டின்கீழ் எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். தலைநகரில் குற்றம் பெருகிவிட்டது, நகர நிர்வாகத்தால் அதை அடக்க முடியவில்லை, ஆகவே மத்திய அரசே காவலை ஏற்கவேண்டியதாயிற்று என்பது அவர் கூறிய காரணம். ஏறத்தாழ 800 தேசியக் காவற்படையினர் தெருக்களில் இறக்கப்பட்டனர். மத்திய புலனாய்வுத் துறையினரும் பிற மத்திய நிறுவனங்களின் உத்தியோகத்தர்களும் இரவு ரோந்துக்கு அனுப்பப்பட்டனர். இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடியேறிய வட்டக்கச்சியில் வாழும் நமக்கும் வாஷிங்டனுக்கும் இடையில் பல்லாயிரம் மைல் தூரம் உண்டு. ஆயினும் அச்செய்தியைப் படித்தபோது நமக்கு அது அந்நியச் செய்தியாகப் படவில்லை. குற்றத்தைக் காரணங்காட்டி மத்தியிலிருந்து படை வரும் கதையை வடக்கின் மூன்று தலைமுறைகள் அறியும்.

வாஷிங்டனின் நிலைமையை முதலில் சற்று நோக்குவோம். 1874 முதல் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் அந்நகர மக்களுக்குத் தம் நகர ஆட்சியைத் தாமே தெரிவுசெய்யும் உரிமை இருக்கவில்லை. அவர்களில் பெருந்தொகையினர் கறுப்பின மக்கள் என்பதையும் சேர்த்தே இதை நினைக்கவேண்டும். 1973இல் இயற்றப்பட்ட சுயாட்சிச் சட்டந்தான் தெரிவுசெய்யப்பட்ட நகர முதல்வரையும் சபையையும் அவர்களுக்கு அளித்தது. அதே சட்டத்தின் 740ஆம் பிரிவு, விசேட அவசர நிலையில் முப்பது நாள் வரை நகரப் பொலிஸின் சேவையை ஜனாதிபதி கோரலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. அக்கதவின் வழியாகத்தான் 2025இல் மத்திய அரசு நுழைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 2024இல் அந்நகரின் வன்முறைக் குற்றங்கள் முப்பது ஆண்டுகளிற் காணாத அளவுக்குக் குறைந்திருந்தன என்று அறிவித்தது மத்திய அரசின் சட்டத்துறையே ஆகும். முப்பது நாளும் செப்டெம்பரில் முடிந்தன. ஆனால் தேசியக் காவற்படை நகரை விட்டுப் போகவில்லை.

தலைநகரின் காவலை அந்நகர மக்களிடம் ஒப்படைக்க ஆள்வோர் தயங்குவது பழைய வழக்கம். 1829இல் லண்டன் மாநகரப் பொலிஸ் தோன்றியபோது அது உள்நாட்டு அமைச்சரின் கீழேயே வைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு வரை அந்நிலை மாறவில்லை. டில்லியிலோ 1991ஆம் ஆண்டின் 69ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சட்டசபையையும் அமைச்சரவையையும் தந்துவிட்டு, பொலிஸ், பொது ஒழுங்கு, நிலம் ஆகிய மூன்றையும் மத்திய அரசிடமே நிறுத்திக்கொண்டது.

இலங்கையில் இவ்வரலாறு 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தோடு புது உருவம் பெற்றது. 1866 செப்டெம்பர் 3ஆம் திகதி பம்பாய் மாகாணத்திலிருந்து வந்த காம்பெல் என்ற வெள்ளையர் அதன் தலைவராகப் பதவியேற்றார். அந்த நாளே இன்றும் பொலிஸ் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அச்சட்டமும் திருத்தங்களோடு இன்றும் உயிரோடிருக்கின்றது. குடியேற்ற ஆட்சியின் பொலிஸ் முதலில் துறைமுகத்தையும் பட்டினத்தையும் காத்தது. வன்னியின் காட்டுக் கிராமங்களில் மாட்டுத் திருட்டும் வேலித் தகராறும் உடையாரிடமும் விதானையாரிடமுமே போயின. அந்தப் பழைய ஊர்க்காவலை நாம் பொற்காலமாகப் பாட வரவில்லை. விதானைப் பதவி பெரும்பாலும் காணியும் சாதி மேன்மையும் உடைய குடும்பங்களில் தங்கியிருந்தது. தாழ்த்தப்பட்டவன் தன் முறைப்பாட்டைக் கொண்டுபோக வேண்டிய வாசல், அவனை ஒடுக்கியவனின் வாசலாகவே இருந்தது. 1963இல் விதானைமார் போய்க் கிராம சேவகர் வந்தனர். கொழும்பின் பொலிஸ் அவனுக்கு நியாயம் செய்ததா என்று கேட்டால், 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை ஒழிப்பு ஊர்வலத்தின்மீது விழுந்த தடியடியை நினைத்தாற் போதும்.

இனி வடக்கின் தலைநகரான யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1979 ஜூலையில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இயற்றி, யாழ்ப்பாண மாவட்டத்தில் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. பிரிகேடியர் வீரதுங்க என்பவரை அனுப்பி, டிசம்பர் 31ஆம் திகதிக்குமுன் பயங்கரவாதத்தை ஒழித்துவிட்டு வரும்படி ஜனாதிபதி கட்டளையிட்டார். ஒரு சமூகத்தின் அரசியற் குமுறலைக் குற்றப் பட்டியலில் எழுதி, அதற்குத் தவணையும் குறித்த கட்டளை அது. அந்த ஜூலை மாதத்திலேயே பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் சிலர் பிணமாகக் கிடந்தனர். மூன்று ஆண்டுகளுக்கென்று சொல்லப்பட்ட சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது.

1981ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஜூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. தேர்தலின் அமைதியைக் காப்பதற்கென்று தெற்கிலிருந்து நூற்றுக்கணக்கான மேலதிகப் பொலிஸார் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். நகரத்தை அறியாதவர்கள், அதன் மொழியை அறியாதவர்கள், நகரத்தில் எவருக்கும் கணக்குக் காட்டவேண்டிய கடமையில்லாதவர்கள். மே 31ஆம் திகதி மாலை தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டமொன்றிற் காவலுக்கு நின்ற பொலிஸார்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பொலிஸார் உயிரிழந்தனர். அது கொலை. கொலைகாரரைத் தேடிப் பிடிப்பது பொலிஸின் தொழில். ஆனால் அன்றிரவு அவர்கள் தேடியது கொலைகாரரை அன்று. கடைத்தெரு எரிந்தது. கூட்டணியின் அலுவலகமும், யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும், ஈழநாடு பத்திரிகையின் காரியாலயமும் எரிந்தன. பொது நூலகமும் தீக்கிரையாயிற்று. 1933இல் செல்லப்பா என்ற ஒரு தனிமனிதரின் முயற்சியில் முளைத்து, ஊராரின் உண்டியற் காசில் வளர்ந்து, 1959இல் தன் சொந்தக் கட்டடத்திற் குடிபுகுந்த நூலகம் அது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அமைச்சர்கள் இருவர் அவ்வேளை நகரத்திலேயே தங்கியிருந்தனர். அக்குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. ஒழுங்கைக் காக்க வந்த படையே நகரத்தின் மிகப் பெரிய குற்றத்தைச் செய்தது என்பதை ஆசிரியர்களாகிய நம்மிற் பலர் வகுப்பறையிற் சொல்லவும் தயங்கிய காலமும் இருந்தது.

போர் முடிந்தபின் நிலைமை மாறிவிட்டதென்று சொல்வோர் உளர். 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். விபத்து என்று முதலிற் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிக் காயத்தைக் காட்டிற்று. பொலிஸார் ஐவர் கைதாயினர். அதன்பின் வாள்வெட்டுக் குழுக்களின் பெயர் பத்திரிகைகளை நிறைத்தது. 2017 ஜூலை இறுதியிற் கொக்குவிலில் பொலிஸார் இருவர் வெட்டப்பட்டதும், விசேட அதிரடிப்படை களமிறக்கப்பட்டது. 1980களிற் போருக்கென்றே வளர்க்கப்பட்ட அப்படை, மோட்டார் சைக்கிளில் வாளோடு திரியும் வேலையற்ற இளைஞரைப் பிடிக்க வந்தது. அப்போது வட மாகாணத்தில் மக்கள் தெரிவுசெய்த சபையொன்று இருந்தது. முதலமைச்சர் விக்னேஸ்வரன், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர், பொலிஸ் அதிகாரத்தை மாகாணத்துக்குத் தாருங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். படை வந்தது, அதிகாரம் வரவில்லை.

வட்டக்கச்சியில் இப்பேச்சை எடுத்தால் முதியவர்கள் உடனே சொல்வது வேறொன்று: 'இயக்கத்தின்ர காலத்தில கதவைத் திறந்துபோட்டுப் படுத்தனாங்கள்.' இதை நாம் பொய்யென்று தள்ளமாட்டோம். 1991இல் விடுதலைப் புலிகள் அமைத்த தமிழீழக் காவல்துறை, 2009 ஜனவரியிற் கிளிநொச்சி வீழும்வரை இப்பகுதியில் இயங்கிற்று. தமிழில் முறைப்பாடு எழுதிற்று, களவைக் கண்டுபிடித்தது, கசிப்பை ஒடுக்கிற்று. ஆனால் அந்தக் காவல்துறையைப் பற்றி முறைப்பாடு செய்ய ஓர் இடம் இருந்ததா? இறுதி ஆண்டுகளிற் பிள்ளையைப் பிடித்துச் சென்ற இயக்கத்துக்கெதிராக எந்தத் தாய் எந்த நிலையத்துக்குப் போயிருக்க முடியும்? மொழி நம்முடையதாயிருந்தும் கட்டளை மேலிருந்தே வந்தது. இதைச் சொல்வதற்கு நம்மவரிற் சிலர் கோபிக்கக்கூடும், கோபிக்கட்டும்.

குற்றம் கற்பனையன்று என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆற்றுமணல் இரவோடிரவாகப் போகின்றது. கஞ்சாவும் ஐஸ் என்ற போதைப்பொருளும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டன. முறைப்பாடு கொடுக்கப் போகும் ஒரு விதவை, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை வாங்கிற் காத்திருந்து, தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டதற்குக் கையொப்பமிட்டுத் திரும்புகின்றாள். இதற்குக் கொழும்பு கண்ட மருந்து மீண்டும் திடீர் வேட்டைதான். 2023 டிசம்பர் 17ஆம் திகதி 'யுக்திய' என்ற பெயரில் தொடங்கிய நடவடிக்கையில், ஒரு மாதத்துக்குச் சற்று மேலான காலத்தில் 29,000 பேர் வரை கைதானதாகக் கூறி, அதை நிறுத்தும்படி ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர்கள் 2024 ஜனவரியிற் கேட்டனர். பிடிபட்டவரிற் பெரும்பாலோர் ஏழைகள். கடன் வாங்கி உழுது, விளைந்த நெல்லை வந்த விலைக்கு விற்கும் குடும்பத்துப் பிள்ளை போதைக்கு ஏன் போனான் என்ற கேள்வி எந்த நடவடிக்கையின் ஏட்டிலும் இல்லை.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தில் மாகாண சபைப் பட்டியலின் முதலாவது விடயமே பொலிசும் பொது ஒழுங்குந்தான். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு பொலிஸ் பிரிவு. முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்கப்படும் பிரதிப் பொலிஸ் மா அதிபர். மூவர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு — எல்லாம் முதலாம் பின்னிணைப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. பிரதிப் பொலிஸ் மா அதிபர், முதலமைச்சர் நியமிக்கும் ஒருவர், ஜனாதிபதியைக் கலந்து பொதுச்சேவை ஆணைக்குழு நியமிக்கும் ஒருவர் என்பவரே அம்மூவர். விதானையாரின் திண்ணையுமன்று, இயக்கத்தின் முகாமுமன்று. ஊராரின் வாக்குக்கும் எழுதிய சட்டத்துக்கும் ஒருங்கே கட்டுப்படக்கூடிய ஒரு சிறிய ஏற்பாடு அது. குறைகள் உண்டு, ஆயினும் முறைப்பாட்டுக்கு ஒரு வாசலாவது இருந்திருக்கும். வட மாகாண சபை 2013இல் தெரிவாகி, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து கலைந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு நாளேனும் அம்மூவரும் ஒரு மேசையைச் சுற்றி அமரவில்லை.