புவியின் இரட்டையெனக் கருதப்பட்ட வெள்ளி

புவி பிற கோள்களினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என்னும் வினா மிகப் பழைமையுடையதன்று. பண்டைய கிரேக்க அறிஞருட் பெரும்பாலார்க்கும் பாரத நாட்டுச் சோதிட நூலார்க்கும் புவி ஒரு கோளே அன்று. அது நடுவே நிற்கக் கோள்கள் அதனைச் சுற்றி வந்தன என்பதே அவர்தம் கொள்கை. 1543ஆம் ஆண்டிற் கொப்பணிக்கசின் நூல் வெளிவந்த பின்னரே புவி கோள்களுள் ஒன்றாக எண்ணப்படலாயிற்று. அதன்பின் அறிஞர் சிந்தனை மறுகோடிக்குச் சென்றது. புவி ஒரு கோளாயின், கோள்களும் பிற புவிகளே ஆதல் வேண்டும் எனப் பலர் துணிந்தனர்.

இத்துணிவுக்கு வெள்ளி பேராதரவு நல்கிற்று. புவியின் விட்டம் ஏறத்தாழ 12,742 கிலோமீற்றர். வெள்ளியின் விட்டம் 12,104 கிலோமீற்றர். திணிவும் புவியினதில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்று மிக்கது. 1761இல் வெள்ளி ஞாயிற்று வட்டத்தைக் குறுக்கே கடந்தபோது, உருசிய அறிஞர் லொமனோசொவ் அதன் விளிம்பிலே தோன்றிய ஒளியைக் கொண்டு அங்கு வளிமண்டலம் உண்டெனக் கூறினார். தொலைகாட்டியிற் புலப்பட்டவை வெண்முகில்களே. முகிலைக் கண்டவர் மழையைக் கருதினர். மழையைக் கருதியவர் சேற்றையும் காட்டையும் கற்பித்தனர். சுவீடிய இரசாயன அறிஞர் அரீனியசு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெள்ளியை வெம்மையான சதுப்பு நிலமாக வருணித்தார். காபனீரொட்சைட்டு வெப்பத்தைத் தடுத்துவைக்கும் ஆற்றலை 1896இலேயே கணித்துக் காட்டியவரும் அவரே. அக்கணக்கை அவர் வெள்ளிக்குப் பொருத்திப் பாராமையைக் குறையெனல் ஆகாது; வெள்ளியின் வளி யாது என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திலர்.

1932இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்தினர் அவ்வளியிற் காபனீரொட்சைட்டு மிக்கிருத்தலைக் கண்டனர். நீராவியின் அடையாளம் அவர்க்கு அகப்படவில்லை. 1956இல் வெள்ளியினின்றும் வரும் வானொலி அலைகளை அளந்தபோது, வெப்பநிலை 300 பாகை செல்சியசிற்கும் மேலெனத் தெரிந்தது. இதனை நம்பத் தயங்கினோர், அவ்வலைகள் நிலத்தினின்றும் அன்று, மேல்வளியினின்றும் வருவன என்று வாதித்தனர். 1962 டிசெம்பர் 14இல் வெள்ளியை அணுகிச் சென்ற மரினர் 2 அவ்வாதத்தை வீழ்த்திற்று. 1970 டிசெம்பர் 15இல் சோவியத்து நாட்டின் வெனரா 7 அந்நிலத்தில் இறங்கி 475 பாகை வெப்பத்தை அறிவித்தது. ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள புதனும் இத்துணை வெப்பம் உடையதன்று. அமுக்கமோ புவியினதைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு.

உருவில் ஒத்த இரண்டும் இயல்பில் இங்ஙனம் பிரிந்தமைக்குக் காரணம் என்ன? வெள்ளி ஏறத்தாழ இருமடங்கு ஞாயிற்றொளியைப் பெறுகின்றது. எனினும் அதன் முகில்கள் பெரும்பகுதியைத் திருப்பிவிடுகின்றன. ஆகவே ஒளியின் மிகுதி மட்டும் விடையாகாது. வெள்ளியின் வளியில் நூற்றுக்கு 96 பங்கு காபனீரொட்சைட்டு; புவியின் வளியிலோ அது பதினாயிரத்தில் நான்கு பங்கே. இதனாற் புவியிற் காபன் குறைவென எண்ணுதல் தவறு. இங்கே மழைநீர் அவ்வாயுவைக் கரைத்துப் பாறைகளை அரித்துக் கடலிற் சேர்க்கின்றது. சிப்பியும் பவளமும் அதனைச் சுண்ணக்கல்லாக்குகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிணறு தோண்டுவோர் பிளக்கும் கல்லும் மயோசீன் காலக் கடலில் இவ்வாறு படிந்ததே. புவிப்பாறைகளில் அடங்கிய காபன் முழுவதும் வாயுவாக வெளிப்படுமாயின், அது வெள்ளியின் வளிமண்டலத்தோடு ஒப்பிடத்தக்க அளவினதாகும். வேறுபாடு காபனின் அளவில் அன்று, அது தங்கும் இடத்திலேயே உள்ளது. அவ்விடத்தை வகுத்தது நீர்.

வெள்ளியில் நீர் என்றுமே இருந்ததில்லையா? 1978இல் அங்குச் சென்ற பயனியர் வீனசு கலங்களின் அளவீடுகளால், பாரமான ஐதரசனின் விகிதம் புவியினதிலும் நூறு மடங்களவு மிக்கதென அறியப்பட்டது. இலேசான ஐதரசன் விண்வெளிக்குத் தப்பிச் செல்லப் பாரமானது எஞ்சிற்று. எனவே முன்பு அங்கு நீர் மிகுதியாய் இருந்தமை பெறப்படும். அந்நீர் கடலாகத் தேங்கிப் பின் வற்றியதா, நீராவியாகவே இருந்து சிதைந்ததா என்பதில் அறிஞர் இருபாற்பட்டுள்ளனர். கடல் இருந்ததாயின் அந்நிலத்தில் அதன் சுவடு எஞ்சியிருத்தல் கூடும். ஆனால் அங்கு இறங்கிய கலங்களுள் நெடிது நிலைத்த வெனரா 13, 1982இல், 127 நிமிடங்களே செயற்பட்டது.